மலை வேலியின் கேட்

ரேடியோவில் மதியச் செய்திக்குப் பிறகு வானிலை வாசிக்கிற பெண், காலையில் “இன்றிரவு” என்று சொன்னதை இப்போது “இன்று பிற்பகல்” என்றாள். வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்கிறது. மலைகளில் இரண்டடி வரை பனி விழலாம். இருட்டுவதற்குள் பள்ளத்தாக்குக்கும் இறங்கிவிடும். மலையில் இருக்கும் வேட்டைக்காரர்களும் மேலே மாடு விட்டிருப்பவர்களும் உடனடியாக... அதற்கு மேல் வெர்னா கேட்கவில்லை. கொதித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கு சூப்பை இறக்கிவைத்து அடுப்பை அணைத்தாள். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். மொன்டானாவில் அக்டோபர் வெயிலை நம்பிக் கெட்டவர்கள் அவள் புகுந்த குடும்பத்திலேயே இரண்டு பேர் உண்டு.

அவளுடைய மாடுகள் எல்லாம் கன்றுகளோடு மேலே கோடை மேய்ச்சலில் இருந்தன. பனி விழத் தொடங்கினால் மாடுகள் தாமாகவே கீழே இறங்கும். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு வேலி தடுக்கும்வரை நடந்துகொண்டே இருக்கும். மலையடிவாரத்து வேலியில் கேட் திறந்திருந்தால் புல்வெளிக்கு வந்து சேரும். மூடியிருந்தால் கம்பியோடு கம்பியாக நெருக்கியடித்து நிற்கும். திரும்பிப் போகிற புத்தி வராது. நின்ற நிலையிலேயே பனி மூடிவிடும். அப்படி ஒரு கதை அந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் மட்டும் யாரும் அதைப் பேசமாட்டார்கள்.

கேட் இருந்தது அவள் கொழுந்தன் ஹால்வரின் நிலத்தில். அடுத்தவன் கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது அங்கே சர்ச்சில் சொல்லித்தருவதற்கும் முன்னால் வீட்டில் சொல்லித்தருகிற பாடம். அவள் புருஷன் ஐனார் இருந்தவரை அந்தப் பேச்சுக்கே இடமிருந்ததில்லை. இலையுதிர்காலம் வந்தால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து குதிரையேறிப் போய் இரண்டு வீட்டு மாடுகளையும் ஓட்டிவருவார்கள். மார்ச் மாதம் ஐனாரின் இதயம் நின்றுபோனது. அடுத்த மாதமே ஹால்வர் தன் மாடுகளை எல்லாம் விற்றுவிட்டு, புல்லை அறுத்துக் காயவைத்து விற்கிற பிழைப்புக்கு மாறிவிட்டான். கேட்டுக்கு நேர் கீழேதான் அவனுடைய காய்ந்த புல் போர்கள். வருஷா வருஷம் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து அவற்றைச் சுற்றி வேலி போடுவார்கள். இந்த வருஷம் அந்த வேலி போடப்படவில்லை. கூட ஒரு கை வேண்டியிருக்குமே என்று வெர்னாவுக்குத் தோன்றவும் இல்லை.

நேற்று அவன் கொட்டகைக்குப் போயிருந்தாள். அவன் சேணத்தின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு ராத்திரி பனியாம். கேட்டைத் திறந்து விடு, ஹால்வர்.”

“யாரு சொன்னா, உன் ரேடியோவா? போன மாசமும் அந்தப் பொண்ணு இப்படித்தான் புலி வருது புலி வருதுன்னு கத்தினா. என்ன வந்துச்சு? என் தொப்பிகூட நனையல.”

“இந்தத் தடவை வரும்.”

“வந்தா வரட்டும். சனிக்கிழமை நானே உன்கூட வர்றேன், சேர்ந்து ஓட்டிட்டு வந்துடலாம். இன்னிக்குத் திறந்தா உன் மாடெல்லாம் நேரா என் போர்ல வந்து விழும். அப்புறம் குளிர்காலம் முழுக்க நான் எதைத் தின்னு பிழைக்கிறது?”

அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. வா, இப்போதே இரண்டு பேருமாக வேலி போடுவோம் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் வந்த கோபத்தில் வாய் முந்திக்கொண்டது.

“ஐனாரா இருந்தா இந்நேரம் குதிரை ஏறியிருப்பான். நீ மாட்டை வித்தது துக்கத்துல இல்ல. பயத்துல. அண்ணன் முன்னாடி போகலன்னா உனக்கு அந்த மலைன்னாலே நடுக்கம்.”

ஹால்வர் ஊசியை வாரிலேயே குத்திவைத்தான். காலடியில் கிடந்த ஸ்கிப், அவனுடைய நாய், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் வெர்னாவுக்கு நறுக்கென்று கேட்டுவிட்ட திருப்திதான். படுத்த பிறகுதான் வெட்கம் வந்தது. காலையில் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது கம்பி வெட்டுகிற கத்தரியைப் பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அடுத்தவன் கேட்டில் கைவைக்கப் போகிறாள். வேண்டுமானால் பிறகு சண்டை போடட்டும். பாதி வழியிலேயே சிகரங்கள் காணாமல் போயின. காற்று திசை மாறி அடித்தது. முதல் பனித் துகள்கள் கண்ணாடியில் வந்து ஒட்டின. ஹால்வரின் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. போர்களைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக்கினாள். போர்களைச் சுற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு யாரோ வேலி எழுப்பியிருந்தார்கள்: உழுத மண்ணைச் சமன்செய்கிற ஒரு துருப்பிடித்த பரம்பு, கவிழ்த்துப்போட்ட வண்டி, இரும்புக் கட்டில், பழைய சமையலறைக் கதவு. எல்லாம் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. ஒரு பக்கம் மட்டும் முடியாமல் விட்டுப்போயிருந்தது.

கேட் திறந்திருந்தது. அகலமாக இழுத்து, தூணோடு கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. தூண் உச்சியில் ஹால்வரின் சிவப்புக் கழுத்துத்துணி படபடத்தது. சேற்றில் குதிரைக் குளம்புகளும் பக்கத்திலேயே நாயின் காலடிகளும் மலையை நோக்கிப் போயிருந்தன. கீழே இறங்கிய தடம் ஒன்றுகூட இல்லை. பள்ளங்களில் பனி நிறையத் தொடங்கியிருந்தது.

“நான்தான் அனுப்பினேன்” என்று வெர்னா வாய்விட்டே சொன்னாள்.

மலையடிவாரத்தில் கைபேசி வேலை செய்யாது. அவன் வீட்டுக்கே திரும்பிப் போய்த் தேடுதல் குழுவை அழைத்தாள். “காத்து அடங்கட்டும்மா. இப்ப மேல யாரையும் அனுப்ப முடியாது” என்றது ஒரு பொறுமையான குரல். போனை வைத்த பிறகுதான் அந்தச் சமையலறையில் ரேடியோ சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அதே நிலையம், அதே பெண். வாயால் கேலி செய்தாலும் அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். மேஜையில் பாதி குடித்த காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மார்ச்சில் அழாமல் வைத்திருந்ததெல்லாம் அங்கே வந்தது.

மறுபடி கேட்டுக்கு வந்து, பிக்கப்பை மலையைப் பார்க்க நிறுத்தி, விளக்குகளைப் போட்டாள். வெளிச்சம் பத்தடியிலேயே வெள்ளையாக முட்டி நின்றது. ஹாரனை அழுத்தினாள். கண் தெரியாத பனியில் மனிதனுக்குக் காதுதான் வழி. நீளமாக ஒன்று, அப்புறம் நிறுத்திக் கேட்பது, அப்புறம் இன்னொன்று.

முதல் மாடு விளக்கொளிக்குள் வந்தபோது அவள் ஒரு கணம் அதைக் குதிரை என்று நினைத்தாள். பிறகு வரிசையாக வந்தன; முதுகெல்லாம் பனி, புருவமெல்லாம் பனிக்கட்டி, கன்றுகள் தாயின் விலாவோடு ஒட்டியபடி. பிக்கப்பின் இரு பக்கமும் உரசிக்கொண்டு கேட்டைக் கடந்தன. கேட் வழியே மாடு வந்தால் எண்ணுவது அவளுக்குப் பழகிப்போன வழக்கம். இன்று எண்ணவில்லை. பின்னால், வேலி முடியாத பக்கமாக அவை புகுந்து போரைப் பிய்த்துத் தின்னும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு நொண்டிப் பசு வந்தது. அதன் குதிகாலுக்குப் பின்னாலேயே ஸ்கிப். பசுவைக் கேட்டுக்குள் தள்ளிவிட்டதும் நாயின் வேலை முடிந்தது.

“ஸ்கிப்! வாடா, உள்ள வா!” கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். அது அவளைப் பார்த்தது. வரவில்லை. கேட்டின் நடுவே போய், அவளுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. தூணிலிருந்த சிவப்புத் துணி விறைத்து, படபடப்பதை நிறுத்தியிருந்தது. ஹாரன், மௌனம், ஹாரன். “பயந்தாங்கொள்ளின்னு சொன்னவ இங்கதான் இருக்கேன், ஹால்வர். எறங்கி வந்து திட்டு” என்று முணுமுணுத்தபடி அவள் மீண்டும் அழுத்தினாள். நாயின் முதுகில் பனி ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

பிறகு அதன் காதுகள் நிமிர்ந்தன. ஸ்கிப் எழுந்து நின்றது. வெர்னா ஹாரனிலிருந்து கையை எடுத்தாள்.