இரண்டு ‘த’

பரஞ்சோதி சிறையில் ஒரே காலில் நின்றுகொண்டிருந்தான். தீர்ப்பில் அப்படித்தான் இருந்தது.

மகள் எழிலியைப் பள்ளியில் சேர்க்க வயது மூன்று மாதம் குறைந்தது. அவன் அந்த மூன்று மாதத்தைக் கூட்டி ஒரு பிறப்புச் சான்றிதழ் தயாரித்தான். தயாரித்ததற்கு மூன்று வருடம். அதைப் பள்ளியில் நீட்டியதற்கு இரண்டு வருடம். தீர்ப்பின் கடைசி வரி இது: ‘மேற்படி இரு தண்டனைகளையும் ஒரே காலில் அனுபவிக்க வேண்டியது.’

நீதிபதி சொன்னது ‘ஒரே காலத்தில்’ என்று. அவன் மனைவி முத்தரசி அதைத் தன் காதால் கேட்டாள். இரண்டும் சேர்ந்தே ஓடும், மூன்று வருடத்தில் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று அப்போதே விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எழிலிக்கு இப்போது ஐந்து. அப்பா வரும்போது எட்டு. தட்டச்சில் இரண்டு ‘த’ விட்டுப்போனது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

நாற்பதாம் நாள் மனு எழுதிக் கொடுத்து அவனைப் பார்த்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் இடது காலை மடக்கி நின்றான். பக்கத்தில் தலைமைக் காவலர் குருபாதம் நோட்டும் பேனாவுமாக அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கால் எப்படிங்க இருக்கு?”

“நிக்கிற கால் மரத்துப்போச்சு. தூக்குன கால்தான் வலிக்குது.”

“எத்தன நாள் கழிஞ்சிருக்கு?”

“ஆறு” என்றார் குருபாதம். “மத்த நாளெல்லாம் ரெண்டாவது கால் தரையில பட்டுருச்சு. பட்டா அன்னிக்கிக் கணக்குல வராது.”

“தூங்கும்போது?”

“அதுக்குத் தனி உத்தரவு வேணும்மா.”

பரஞ்சோதி வலைக்கு அருகே ஒரு தத்து தத்தி வந்தான்.

“முத்தரசி, அந்த வரியையே அடிச்சிரச் சொல்லு. அடிச்சிட்டா ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு, மொத்தம் அஞ்சு வருசம். இருந்துட்டு வாரேன். ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு நிம்மதியா இருப்பேன்.”

அவன் சொன்னது சட்டப்படி சரி. தீர்ப்பு வாயைத் திறக்காவிட்டால் தண்டனைகள் வரிசையில்தான் நிற்கும். முதல் தண்டனை முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்கும்.

“அஞ்சு வருசத்துல அவளுக்குப் பத்து வயசு” என்றாள் முத்தரசி. “உங்களப் பாத்து ‘வாங்க, உக்காருங்க’ன்னு சொல்லுவா. தண்ணி கொண்டாந்து குடுப்பா. பரவாயில்லையா?”

அவனுடைய மடக்கிய கால் மெல்லத் தரைப்பக்கம் இறங்கியது. குருபாதம் குனிந்து பார்த்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. அதை வீட்டில் போய் அழுதுகொள்ளலாம் என்று நேராக நீதிமன்றத்துக்குப் போனாள்.

நகல் பிரிவுக்குப் போகும் தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. காலை பத்தே காலுக்கு நடக்க ஆரம்பித்தவள் பதினொன்றரைக்கும் அதே தண்ணீர்ப் பானையைத்தான் கடந்துகொண்டிருந்தாள். முன்னால் போன ஒரு வக்கீலுக்கு நடையிலேயே தலை நரைத்துவிட்டது. வழக்கு இன்னும் கூப்பிடவில்லை என்றார் அவர். முத்தரசி நின்று யோசித்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நொண்டியடித்தாள். தாழ்வாரத்துக்கு அது நடையாகத் தெரியவில்லை. ஏழு நொண்டியில் கதவு வந்துவிட்டது.

உள்ளே சிரஸ்தார் நல்லபெருமாள் இருந்தார். அந்த அலுவலகத்துக்கே அவர்தான் பெரியவர். தீர்ப்பைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் படித்தார், போட்டுக்கொண்டும் படித்தார். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது.

“ரெண்டு ‘த’ குறையுது.”

“அதைப் போட்டுக் குடுங்க சார்.”

“இருப்பு இல்லையேம்மா. போன மாசம் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. தாத்தா, சித்தப்பா, அத்தைன்னு எல்லாம் தீந்துபோச்சு. வேணும்னா வரியை அடிச்சுத் தாரேன். அஞ்சு வருசம். இன்னிக்கே முடிஞ்சிரும்.”

“வேண்டாம்.”

“நல்லா யோசிங்க. ரெண்டு காலும் கெடைக்கும்.”

“ரெண்டு வருசம் போயிருமே சார். நான் ‘த’ கொண்டாறேன்.”

அவர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, ஆனால் குடும்பத்துக்குள்ளேயே எடுக்க வேண்டும் என்றார். பரஞ்சோதியில் ஒரு ‘தி’ இருந்தது. அதன் தலையில் மேல்விலங்கு, அதாவது இகரக் கொக்கி, இருப்பதால் அது கைதியின் எழுத்து, தொடக் கூடாது என்றார். எழிலியில் ‘த’ இல்லை.

“உங்க பேர் என்ன?”

“முத்தரசி.”

நல்லபெருமாளின் முகம் மலர்ந்தது. “புள்ளி வச்சது ஒண்ணு, வைக்காதது ஒண்ணு. அளவெடுத்தாப்புல இருக்கு. ஆனா குடுத்தா திரும்ப வராது, தெரியுமில்ல?”

“எடுங்க.”

படிவம் கொடுத்தார். அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வாசலில் நின்ற முதல் இரண்டு ஆண்களே போதுமானவர்களாக இருந்தார்கள்.

சிரஸ்தார் இடுக்கியால் இரண்டு எழுத்துகளையும் அவள் குடும்ப அட்டையிலிருந்து பிடுங்கினார். அவள் கழுத்துக்குக் கீழே எறும்பு கடித்ததுபோல் இருந்தது. ‘காலில்’ என்ற சொல்லைப் பிரித்து, நடுவில் அவற்றைச் செருகி, ‘லி’யின் மேல்விலங்கைக் கழற்றிப் புது ‘த’ மேல் மாட்டினார். காலத்தில். ஊதிக் காய வைத்து முத்திரை குத்தினார்.

“போய்ட்டு வாங்க முரசி” என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் வேறு பெண் யாரும் இல்லை.

சிறை வாசலில் குருபாதம் உத்தரவை வாங்கிப் படித்தார். உள்ளே போனார். சற்று நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் ‘தொப்’பென்று ஒரு சத்தம் கேட்டது. அது ஒரு பாதம் தரையில் இறங்கிய சத்தம். பிறகு யாரோ வாய்விட்டு அழுதார்கள். அவளுக்கு அந்தக் குரல் தெரியும். அவளும் சிரித்தபடியே அழுதாள்.

குருபாதம் திரும்பி வந்தார்.

“மூணு வருசம்தான். எழுதியாச்சு. விட்டுப்போன நாளும் சேந்துருச்சு.”

“அவரப் பாக்கணும். மனு எழுதிருக்கேன்.”

அவர் மனுவை வாங்கிப் பேரேட்டோடு ஒப்பிட்டார்.

“சம்சாரம் பேரு முத்தரசின்னு இருக்கு. நீங்க முரசி. பாக்க முடியாதும்மா.”

“நான்தான் அவ.”

“அப்படிச் சொல்றதுக்கு ரெண்டு எழுத்து குறையுதே.”

உள்ளேயிருந்து பரஞ்சோதி அவளைக் கூப்பிடப் பார்த்தான். “மு…” என்று ஆரம்பித்தான். மேலே போக வழி தெரியாமல் குரல் அங்கேயே நின்றது. மறுபடி “மு…” என்றான்.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வலது காலை மடக்கிக்கொண்டு வாசலுக்கு நேரே நின்றாள்.

“என்னம்மா செய்றீங்க?”

“பாக்காமப் போக மாட்டேன்.”

“மூணு வருசம் ஆகும்.”

“அவருக்கும் அதானே? தனியாவா ஆகப் போவுது? ரெண்டும் ஒரே காலத்துலதான.”

குருபாதம் உத்தரவைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். அந்தச் சொல் சரியாக இருந்தது. மறுப்பதற்கு வழியில்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, முரசி, இடது கால், முதல் நாள் என்று எழுதினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் பாதத்தைப் பார்க்கத் தொடங்கினார்.