துப்புரவான கடல்

என்னை விதவையாக்கியது எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி. மறுநாள் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு என்னைத் திரும்பவும் புருசன் உள்ளவளாக்கியதும் அதே ஒலிபெருக்கிதான். இரண்டு தடவையும் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் பெயர் றாபியா. சாய்ந்தமருதில், உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் இருந்து அபாயா தைத்துக் கொடுக்கிறேன். என் கணவர் ஹிஷாம் எண்ணெய்க் கப்பல் ஒன்றில் வேலை செய்தவர். அந்தப் புதன்கிழமை பின்னேரம் கடைசியாகப் பேசினார். கப்பல் ஹோர்முஸ் நீரிணையைக் கடக்கக் காத்துக்கொண்டிருந்தது. அந்த ஒடுங்கிய கடலில் கண்ணிவெடி போட்டிருக்கிறோம், எவனும் தப்ப முடியாது என்று ஒரு நாடு சொல்லிக்கொண்டிருந்தது. போட்டதையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டோம், கடல் துப்புரவு, கப்பல்கள் தாராளமாக வரலாம் என்று எதிர்ப்பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

"கடல் துப்புரவாம் புள்ள," என்று போனில் சிரித்தார். "துப்புரவெண்டா எதுக்கு என்னயும் டெனிஸ்ரனையும் கப்பல்ர முன்னுக்கு நிப்பாட்டி, தண்ணியப் பாத்துக்கிட்டே இரிங்க, என்னமும் மிதந்தா கத்துங்க எண்டு கப்டன் சொல்றான்?"

"ஏலாதெண்டு சொல்லுங்களன்."

"சொன்னா அடுத்த துறைமுகத்தில எறக்கி உட்டுருவானுகள். பயப்புடாத. நாளைக்கி இந்நேரம் அங்கால போயிருவம்."

டெனிஸ்ரன் கல்முனைப் பொடியன், சகாயம்மாவின் மகன். அவனைக் கப்பலுக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். இரண்டு பேரும் ஒரே அறையில் படுத்தார்கள். அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் சொல்கிற எங்கள் வழக்கப்படியே எங்களையும் கூப்பிடுவான்.

வியாழக்கிழமை மத்தியானம் நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்கு நெஞ்சு எரிகிறது. இவருடைய மூத்த சகோதரர் பக்கீர் முகைதீன், எனக்கு மச்சான் முறை, பள்ளி நிருவாகத்தில் இருப்பவர். அவருக்கும் அவருடைய தேத்தண்ணிக் கடைக் கூட்டத்துக்கும் அந்த யுத்தம் ஒரு கிரிக்கெட் மெச். கண்ணி போட்ட நாடு அவர்களுடைய ரீம். அன்று அந்த நாடு ஓர் அறிக்கை விட்டது. எதிரிக்கு எண்ணெய் ஏற்றி வந்த கப்பல் எங்கள் கண்ணியில் அடிபட்டு மூழ்கிவிட்டது, அதில் இருந்த ஒருவனும் உயிர் தப்பவில்லை. கடையில் கைதட்டினார்கள். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கினார்கள். அதற்குப் பிறகுதான் யாரோ கப்பலின் பெயரை வாசித்திருக்கிறான்.

கைதட்டிய சூடு ஆறுமுன்னே மச்சான் எழுந்து போய்ப் பள்ளியில் தம்பியின் மௌத்தை அறிவித்தார். நான் ஓர் அபாயாவுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். என் கணவரின் பெயர், வாப்பாவின் பெயர், வீடு இருக்கிற ஒழுங்கை, எல்லாம் ஒலிபெருக்கியில் பிழையில்லாமல் வந்தது. செத்தார் என்பது மட்டும் எங்கிருந்து வந்தது என்று சொல்லப்படவில்லை.

எங்களுக்குத் தெரியாத விசயமா இது? எங்கள் யுத்த காலத்தில் இரண்டு பக்கத்து வானொலியையும் மாறி மாறிக் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். ஒன்றில் இருபது பேர் செத்தால் மற்றதில் இருநூறு பேர் செத்திருப்பார்கள். இரண்டிலும் பெயர் வராத ஆட்களை நாங்கள் இங்கே அடக்கிக்கொண்டிருப்போம். அப்படிப்பட்ட ஊர், எங்கேயோ இருக்கிற ஒரு பட்டாளத்துக்காரன் தன் வீரத்துக்கு விட்ட அறிக்கையை குர்ஆன் ஆயத்து மாதிரி நம்பியது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குள் வீடு நிறைந்துவிட்டது. மச்சானின் மனைவி ஜெமீலா எனக்கு உடுத்த வெள்ளை உடுப்போடு வந்தா. வந்த வேகத்தில் யன்னல்களுக்குச் சீலை கட்டத் தொடங்கினா. புருசன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெளிக்கிடாமல், அன்னிய ஆண்கள் முன்னால், கணவனின் சகோதரன் முன்னால்கூட, வராமல் இத்தா இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் போய்விட்டார் என்று தெரிந்தால் ஒருவரும் சொல்லாமலே உட்காருவேன். ஆனால் நான் அறைக்குள் உட்கார்ந்துவிட்டால் அவரை யார் தேடுவது? எனக்கிருந்தது அந்த ஒரு கேள்விதான். அந்தக் கேள்வியை அந்த வீட்டில் ஒருவராலும் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

"உடுத்துக்க றாபியா," என்றா ஜெமீலா. "ஆக்கள் பாக்கிறாங்க."

"மையித்த யாரு கண்ட?"

"நியூஸில வந்திரிக்கி."

"நியூஸில வந்தா நான் இத்தா இரிக்கிறதா? கொண்டு போங்க இத."

வெள்ளை உடுப்பைத் தூக்கி வாசலில் எறிந்தேன். உம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதா. மச்சான் வெளியில் நின்று, எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார். "அதிர்ச்சியில கதைக்கிறா. நாளைக்கி ஜும்ஆத் தொழுகைக்குப் பொறகு காயிப் ஜனாஸா தொழுவம்."

மையித்து, அதாவது இறந்தவரின் உடல், இல்லாமலே தொழும் ஜனாஸாத் தொழுகைதான் காயிப் ஜனாஸா. ஊர் ஆண்கள் எல்லோரும் அதற்காகக் கூடிய நேரத்தில் நான் ஓட்டோ பிடித்துக் கல்முனைக்குப் போனேன். இவரைக் கப்பலுக்கு அனுப்பிய முகவர் ஸஹீதின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. வெயிலுக்குள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துத் தொப்பியோடு வந்து இறங்கினான்.

"எங்க போன நீங்க?"

"உங்கட பள்ளிக்குத்தான் ராத்தா. ஹிஷாமுக்குத் தொழுதுட்டு வாறன். முதல் சஃப் வரிசையில நிண்ட."

"கப்பல்ல ஏத்தி அனுப்பின ஆள் நீங்க. கொம்பனிக்கு ஒரு கோல் எடுத்தீங்களா?"

"மௌத்தானவர எங்க ராத்தா தேடுற?"

அவனுடைய சட்டையைப் பிடித்து உலுப்பாமல் விட்டது என் பொறுமை. உள்ளே போய் உட்கார்ந்து, கோல் எடுக்கும் வரைக்கும் எழும்ப மாட்டேன் என்றேன். எடுத்தான். அந்தப் பக்கத்தில் பேசியவன், கடற்படையின் அறிக்கை வரும்வரை ஒன்றும் சொல்ல முடியாது என்றான். உன் கப்பலில் என்ன நடந்தது என்று உனக்கே தெரியாதா என்று கேட்கச் சொன்னேன். அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

அறிக்கை அன்று மாலையே வந்தது. இது எதிர்ப்பக்கத்தின் அறிக்கை. கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. கண்ணிவெடி என்பது பொய், ஏனென்றால் கடல் துப்புரவு. ஊழியர்கள் அனைவரும் பத்திரமாகக் காப்பாற்றப்பட்டுவிட்டார்கள்.

மஃரிப் தொழுகை முடிந்த கையோடு மச்சான் மறுபடியும் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அல்ஹம்துலில்லாஹ், சகோதரர் ஹிஷாம் ஹயாத்தோடு இருக்கிறார். எதிரி நாடு வாய் திறந்தாலே பொய் என்று நாள்முழுக்கக் கத்துகிற மனிதர், அந்த ஒரு அறிக்கையை மட்டும் கேள்வியில்லாமல் நம்பினார். ஜெமீலா வந்து தான் கட்டிய சீலைகளைத் தானே அவிழ்த்தா. ஒழுங்கை முழுக்க மஸ்கட் இனிப்புப் பங்கிட்டார்கள். உம்மா என் வாயிலும் ஒரு துண்டை ஊட்ட வந்தா. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"காப்பாத்தினா ஏன் உம்மா ஒரு கோல் வரல்ல?"

"வரும் மகள். நல்லத நினையன்."

சனிக்கிழமை முழுவதும் போனோடு மல்லுக்கட்டினேன். எந்தத் துறைமுகத்தில் இறக்கினார்கள், எந்த ஆஸ்பத்திரி, ஒரே ஒரு தரம் அவருடைய குரலைக் கேட்கலாமா? ஸஹீதுக்குக் கோபம் வந்துவிட்டது. "காப்பாத்தின ஆள எதுக்கு ராத்தா தேடுற? எழுத்தில வந்திரிக்கே!" கொழும்பில் வெளிநாட்டு அலுவல்களைப் பார்க்கிற இடத்துக்கும் எடுத்தேன். அங்கிருந்தவர் மிகவும் மரியாதையாக அதே அறிக்கையை எனக்கே வாசித்துக் காட்டினார். கடலில் ஆள் விட்டுத் தேடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். தேட வேண்டிய ஆட்கள் ஒருவரும் இல்லையே அம்மா என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் செத்தவர், அதனால் தேடத் தேவையில்லை. சனிக்கிழமை அவர் தப்பியவர், அதனாலும் தேடத் தேவையில்லை. எவ்வளவு வசதி!

ஞாயிற்றுக்கிழமை சகாயம்மாவின் வீட்டுக்குப் போனேன். அந்த மனிசி பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தா. டெனிஸ்ரனிடமிருந்தும் கோல் வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தோம். வெளிக்கிடும்போது, யாருக்கு முதலில் கோல் வந்தாலும் ஓடி வந்து சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை மச்சான் வீட்டுக்கு வந்தார். தம்பி தப்பியதற்கு ஒரு கந்தூரி கொடுக்க வேண்டும், எத்தனை பேருக்கு ஆக்குவது என்று கேட்க வந்திருந்தார். நான் கண்டவனுக்கெல்லாம் கோல் எடுத்து, அறிக்கையில் சந்தேகம் சொல்லி, ஊரின் பெயரைக் கெடுப்பதாகவும் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சகாயம்மா ஓட்டோவில் வந்து இறங்கிச் செருப்பில்லாமல் ஓடிவந்தா. கையில் போன். போனை என்னிடம் நீட்டினா. சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

"ராத்தா, நான் டெனிஸ்ரன்." யாரோ தாதியின் போனில் இருந்து பேசினான். குரல் வரண்டு கிடந்தது. "அம்மாட்டச் சொல்லிற்றன். உங்களிட்டயும் நான்தான் சொல்லணும்."

"சொல்லுங்க தம்பி."

"கண்ணிவெடிதான் ராத்தா. தீயெண்டு சொல்லச் சொல்றாங்க. நான் என்ட கண்ணால கண்டனான். கப்பல்ர நடுவில அடிச்சிது. நானும் காக்காவும் முன்னுக்கு நிண்டதால தூக்கித் தண்ணியில எறிஞ்சிது. ஒரு மிதவையப் புடிச்சிக் கிடந்தம். காக்காக்கு ரெண்டு காலும் முறிஞ்சிற்று."

"எண்டைக்கி?"

"வியாழன் விடியக்க. அண்டு முழுக்கக் கிடந்தம். வெள்ளியும் கிடந்தம். ஹெலிகொப்டர் மேலால போச்சி, நாங்க கத்தினம், அது நிக்கல்ல. கடற்படைப் போட் ஒண்டு தூரத்தால போச்சி. எங்களத் தேடல்ல ராத்தா. ஒருத்தனும் தேடல்ல. வெள்ளிக்கிழமை வெயில் உச்சிக்கி வரக்குள்ள காக்கா, இப்ப ஊர்ல ஜும்ஆ முடிஞ்சிருக்கும் எண்டவர். தண்ணியில கிடந்துகிட்டே தொழுதவர்."

மச்சான் போனுக்குக் கிட்ட வந்து குனிந்தார்.

"உங்களப் பத்தித்தான் கதைச்சவர். றாபியா சும்மா இரிக்க மாட்டா, எப்பிடியும் ஆள அனுப்புவா எண்டு எனக்குச் சொல்லிக்கிட்டே இரிந்தவர். சனிக்கிழமை பின்னேரம் மட்டும் கதைச்சவர். பொறகு கதைக்கல்ல. நான் கைய உடல்ல ராத்தா. ராவு பெரிய அலை ஒண்டு வந்து..." அவன் அழுதான். "நேத்து மீன்புடிக்கிற ஆக்கள்தான் என்னத் தூக்கின. இங்க ஒரு அதிகாரி வந்தவன். நீ எப்பிடிப் புதுசா வருவாய், எங்கட கணக்கில உங்க எல்லாரையும் வெள்ளிக்கிழமையே காப்பாத்தியாச்சே எண்டு கேக்கிறான்."

கோல் அறுந்துபோனது. சகாயம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டா. தன் மகன் உயிரோடிருக்கிறான் என்ற சந்தோசத்தை என் முன்னால் காட்டக் கூடாது என்று அந்த மனிசி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றா. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒருவன் எல்லோரும் செத்தார்கள் என்றான், மற்றவன் எல்லோரும் பிழைத்தார்கள் என்றான். இரண்டு பேரும் வென்றார்கள். நடுவில் கால் முறிந்த ஒரு மனிதன், நான் ஆள் அனுப்புவேன் என்று நம்பி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

மச்சான் கதிரையில் உட்கார்ந்தார். கண்ணீர் தாடியில் வழிந்தது. தம்பிதானே, பாசமில்லை என்று நான் சொல்லவில்லை.

"மறுகா தொழுவம் புள்ள," என்றார். "இண்டைக்கி மத்தியானம் ளுஹர் தொழுகைக்குப் பொறகு. நானே பள்ளியில அறிவிக்கிறன்."

"அறிவிக்கிறெண்டா இப்பிடி அறிவிங்க மச்சான். வெள்ளிக்கிழமை நாம ஊரே கூடி இவருக்கு ஜனாஸா தொழக்குள்ள, இவரு கடல்ல உசிரோட கிடந்து தொழுதுகிட்டிருந்தாரு எண்டு அறிவிங்க. ஒரு எழுத்தும் உடாம அறிவிங்க."

அவர் தலையைத் தூக்கவில்லை. "எப்பிடிப் புள்ள அதச் சொல்ற..."

"அப்ப வாயப் பொத்திக்கிட்டு இரிங்க."

பிறகு அவரை எழும்பச் சொன்னேன். அவர் விளங்காமல் பார்த்தார்.

"என்ட புருசன் மௌத்து. எனக்குச் சனிக்கிழமையில இரிந்து இத்தா. அன்னிய ஆம்புள இந்த ஊட்டுக்குள்ள இரிக்கப்படாது. எழும்புங்க."