ஊர்ப்பெயர் வராத பாட்டு

எழில்மொழிக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கேட்டாலும் அவள் காது எதுகை தேடும். பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர்களை அடுக்கிக் கூவினால்கூட, எந்தப் பெயருக்கு எந்தப் பெயர் ஜோடி சேரும் என்று மனம் பார்த்துக்கொண்டிருக்கும். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வீடு பாபநாசம். காலையில் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் அதிலேயே திரும்புகிறவள். மகளுக்கு இப்படியொரு பெயர் வைத்த அப்பா, பகலில் அறுப்புக் கூலிக்குப் போய்விட்டு மாலையில் மேடைப் பேச்சுக் கேட்க ஊர் ஊராக அலைந்தவர். வியாதி அவரிடமிருந்து தொற்றியது. போன ஆடி மாதம் வரைக்கும் அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அந்தப் பாசஞ்சரில்தான் டப்பா துரைராசு பாடுவார். கையில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. அதுதான் தாளம், அதுதான் உண்டியல், தூங்கும்போது தலையணையும் அதுதான். கரி எஞ்சின் ஓடிய காலத்தில் ரயில் ஏறியவர், இறங்கவே இல்லை என்று சொல்லலாம். விழுப்புரம், நாகூர், காரைக்குடி, மானாமதுரை என்று தண்டவாளம் போன இடமெல்லாம் போயிருக்கிறார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டு உள்ளே போவார். விட்டதும் அடுத்த வண்டியில் ஏறிவிடுவார். வயசான பிறகு தஞ்சாவூருக்கும் மாயவரத்துக்கும் நடுவில் சுருங்கிப்போனார். குரல் மட்டும் சுருங்கவில்லை.

அவர் பாட்டெல்லாம் அவரே கட்டியவை. அதில் ஒன்றை எழில்மொழி மனப்பாடமாகவே வைத்திருந்தாள்.

கட்டிக் கதிர்சுமந்தேன் களத்துமேட்டில் போரடிச்சேன்
வெட்டி மடைதொறந்தேன் விடியுமுன்னே நீர்பாய்ச்ச
முட்டி விழுந்தானே மொழங்காலுச் சேத்துக்குள்ள

நான்காவது வரியின் தொடக்கத்தில் வார்த்தை வராது. டப்பாவை இரண்டு தட்டுத் தட்டுவார். டங், டங். அப்புறம், 'விட்டுவந்தேன், நெஞ்சமட்டும் நட்டுவந்தேன்' என்று முடிப்பார்.

தெருவில் பாடுகிறவர்கள் கடைசி வரியில் சொந்த ஊரை வைத்துப் பாடுவது வழக்கம். இவர் அந்த இடத்தில் தகரத்தைத் தட்டினார். கேட்கிறவர்கள் அதைத் தாளம் என்று நினைத்துக்கொண்டார்கள். எழில்மொழிக்கு மட்டும், வாயில் கடுகுத் தோல் ஒட்டிக்கொண்ட மாதிரி, அந்த இடம் உறுத்திக்கொண்டே இருந்தது.

கும்பகோணத்தில் அப்துல் மஜீது என்று ஒருவர் முன்பு கேசட் கடை வைத்திருந்தார். இப்போது அதே கடையில் போன் கவர் விற்கிறார். துரைராசுவின் பாட்டைக் கேசட்டாகப் போட்டவர் அவர்தான். முதல் கேசட் பஸ் ஸ்டாண்டு கடைகளில் நன்றாகப் போயிருக்கிறது. இரண்டாவதற்கு அட்டையில் போடப் போட்டோ கேட்டதும் ஆள் மாயம். அப்புறம் ரயில் எஞ்சின் படத்தைப் போட்டு, 'ரயில் பாட்டு' என்று மட்டும் அச்சடித்து விற்றார்களாம். பாடியவர் பெயரும் இல்லை, வருஷமும் இல்லை. மஜீது அந்தப் பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அந்த ஆளிடம் ஊரை மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கேட்காதே என்று சொன்னால் கேட்காமல் இருக்க முடியுமா? மறுநாளே கேட்டாள்.

சாயங்கால வண்டி. பெட்டியில் கூட்டம் இல்லை. துரைராசு அவள் எதிரில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே நாற்றங்கால்களைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சொன்னார். ஊரில் அவருக்குப் பெயர் இராஜாங்கம். ஒரு வருஷம் தண்ணீர் குறைவு, முறை வைத்துப் பாய்ச்சினார்கள். முறை யாருடையது என்று ஒரு நிலத்துக்காரரோடு மடையில் நின்று சண்டை. கையில் மண்வெட்டி இருந்தது. அடித்துவிட்டார். நிலத்துக்காரர் சேற்றில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. இவர் வரப்பில் ஓட ஆரம்பித்தவர், எதிரில் வந்த ரயிலில் ஏறிவிட்டார். போலீஸ் தேடிப் பார்த்து விட்டுவிட்டது. செத்தவர் வீட்டு ஆட்கள் விடவில்லை. தங்கை வேம்பு தனியாக இருந்தாள். தினமும் வந்து அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள், கூரையைக் கொளுத்தினார்கள்.

"கடைசியில நான் ரயில்ல அடிபட்டுச் செத்துட்டேன்னு சொல்லிட்டா டீச்சர். கோயில் வாசல்ல ஊரே கூடி நிக்கறப்ப, சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுனா. அதோட விட்டாங்க. இப்ப செத்தவரு வீட்டு நெலத்தைத்தான் குத்தகைக்குப் பாக்குறா. நான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா என்னைய ஒண்ணும் பண்ண முடியாது, இந்த வண்டி இல்லன்னா அடுத்த வண்டி. அவதான் மாட்டுவா. பொய்ச் சத்தியம் பண்ணுனவள சும்மா விடுவாங்களா?"

ஊர்ப்பெயரை இனிமேல் கேட்கவே மாட்டேன், தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்று எழில்மொழி வாக்குக் கொடுத்தாள். மனசாரத்தான் கொடுத்தாள். இத்தனை வருஷமாக முணுமுணுத்த பாட்டு ஒரு கொலைகாரனுடையது என்று தெரிந்த பிறகு அவளுக்கு அருவருப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்றாவது வரி முன்னைவிட நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவளுக்கு யூடியூபில் ஒரு சானல் இருந்தது. பிள்ளைகளுக்காக இலக்கணம் நடத்துவாள். அவள் வகுப்புப் பிள்ளைகளே பார்க்காத சானல். ஆடி மாதத்தில் ஒருநாள், எதுகை மோனைக்கு உதாரணமாக அந்தப் பாட்டைப் போட்டாள். மிகவும் ஜாக்கிரதையாகத்தான் செய்தாள். பாடியவர் பெயரைச் சொல்லவில்லை, உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவில்லை, ரயிலில் கேட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு பழைய கேசட்டில் கிடைத்த பாட்டு, அவ்வளவுதான். ஊர்ப்பெயர்தான் அவளுக்கே தெரியாதே.

பாட்டை ஓடவிட்டு, கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். கட்டி, வெட்டி, முட்டி. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. கட்டிக்குக் களத்துமேடு, வெட்டிக்கு விடியுமுன்னே, முட்டிக்கு மொழங்கால். முதல் எழுத்து இனமாக வந்தால் மோனை. நான்காவது வரிக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஜிலேபியைக் கண்ட பிள்ளை மாதிரி இருந்தாள். இங்கே ஒரு ஊர்ப்பெயர் இருந்திருக்க வேண்டும், பாடியவர் அதை விட்டுவிட்டார், ஆனால் பாட்டு அந்த இடத்தைக் கச்சிதமாகக் காலி வைத்திருக்கிறது பாருங்கள் என்றாள்.

வாக்குக் கொடுத்தவள் வாக்கை மீறவில்லை. பூட்டைத் தொடவில்லை, சாவி எப்படி இருக்கும் என்று மட்டும் படம் போட்டுக் காட்டினாள்.

ஒரு வாரத்தில் அந்த வீடியோவை அவள் பெயரே தெரியாத ஆட்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் கீழே எழுதினார்கள். காலி இடத்தை நிரப்புவது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒருவர் குடவாசல் என்றார். எதுகை இடிக்கிறது என்று இன்னொருவர் திருத்தினார். ஒருவர் பட்டுக்கோட்டை என்றார். மோனை வரவில்லை, 'நெஞ்சம்' என்று இருக்கிறதே, 'நெ'யில் தொடங்க வேண்டும் என்று மற்றொருவர் பாடம் எடுத்தார். எழில்மொழிக்கு முதலில் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன். இத்தனை பேருக்கு இலக்கணம் புரிந்திருக்கிறதே என்று இரண்டு நாள் சிரித்த முகமாக இருந்தாள்.

மூன்றாம் நாள் ஒரே ஒரு வார்த்தையில் ஒரு பதில் வந்திருந்தது.

நெட்டிமூலை.

அதன் கீழே வேறொருவர், குடவாசலுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊர், மடையில் கொலை நடந்த ஊர்தான் என்று எழுதியிருந்தார். எழில்மொழி பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நெட்டிமூலை விட்டுவந்தேன், நெஞ்சமட்டும் நட்டுவந்தேன். டப்பாவின் இரண்டு தட்டும் பெயரின் இரண்டு பாதியும் அச்சாகப் பொருந்தின. உடனே வீடியோவை அழித்தாள். அழித்து என்ன பயன், அதற்குள் வாட்ஸப்பில் ஊர் ஊராகப் போய்விட்டது. அவள் ஸ்கூல் குரூப்பிலேயே யாரோ அதைப் போட்டு, நம்ம எழில் டீச்சர் என்று கைதட்டியிருந்தார்கள்.

மறுநாள் துரைராசு ரயிலில் பாடவில்லை. பாபநாசம் ஸ்டேஷனில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு காலேஜ் பையன் போனில் அவருக்கே அவர் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறான். எழில்மொழியைப் பார்த்ததும் எழுந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ஊர்ப் பேரைச் சொல்லிட்டீங்களா டீச்சர்?"

"சத்தியமா சொல்லலண்ணே. எனக்கே தெரியாதே."

"பின்ன எப்புடித் தெரிஞ்சுது?"

பாட்டை நன்றாகக் கட்டியதுதான் தப்பு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அப்புறம், யாராவது விசாரித்தால் நான் செத்துப்போய்விட்டதாகச் சொல்லிவிடுங்கள், அது ஒன்று போதும், வேம்பு பிழைத்துக்கொள்வாள் என்றார். தெற்கே போகிற வண்டி வந்தது. ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் எழில்மொழிக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது வாசலில் நிழல் விழுந்தால் திடுக்கிட்டாள். நெட்டிமூலைக்கு நேரே போய் வேம்புவை எச்சரித்துவிடலாமா என்று நினைப்பாள். தெரியாத பொம்பளை ஒருத்தி வந்து அந்தத் தெருவில் விசாரித்தால், எந்த ஊர், எந்தத் தெரு, எதற்கு வந்தாய் என்று பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் போகவில்லை. பயந்தும் போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பதிலை மட்டும் உருப்போட்டு வைத்துக்கொண்டாள். இல்லை, அவர் செத்துவிட்டார்.

அந்தப் பதில் ஒரு வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது. மதியச் சாப்பாட்டு நேரம். டீச்சர்கள் அறையில் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். புது நம்பர். எடுத்தாள்.

பேசியவர் பெயர் தியாகராசன். நெட்டிமூலை. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்து விவசாயம் பார்க்கிறாராம். மிகவும் மரியாதையான குரல். சாப்பிடும் நேரத்தில் தொந்தரவு செய்கிறேனா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். மடையில் அடிபட்டுச் செத்தது அவர் அப்பாதான் என்று, யாரோ எப்போதோ செத்ததைப் போலச் சொன்னார். பாட்டு நன்றாக இருக்கிறது, ஊரே கேட்டுவிட்டது, வேம்பு அக்காவையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினோம், குரலைக் கேட்டதும் அழுதுவிட்டார்கள் என்றார். சாவதற்கு முன்னால் எங்கேயோ பாடியிருப்பான் என்றுதான் ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றார்.

எழில்மொழிக்கு உயிர் திரும்பி வந்தது. அவர்களே நம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு முட்டுக் கொடுத்தால் போதும்.

"ஆமாங்க," என்றாள். "அவர் இறந்துட்டாருங்க."

"நல்லாத் தெரியுமா டீச்சர்?"

"நல்லாத் தெரியுங்க. திருச்சி ஆஸ்பத்திரியிலதான். நெஞ்சு வலி. கடைசி வரைக்கும் பாடிக்கிட்டே இருந்தாராம். நான் போய்ப் பாத்துட்டுக்கூட வந்தேன்."

கேட்காததையெல்லாம் சொன்னாள். பொய்க்கும் ஓசை அமைய வேண்டும் அவளுக்கு, அரைகுறையாக விட மனசு வராது. ஆஸ்பத்திரி வாசலில் டப்பாவைப் பக்கத்தில் வைத்துத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அதையும் சேர்த்தாள். தியாகராசன் பொறுமையாக உம் கொட்டினார்.

"பாவம். இது எப்பங்க நடந்துது?"

அவள் யோசிக்கவில்லை. நம்பும்படியாக இருக்க வேண்டும், ரொம்பப் பழசாகவும் இருக்கக்கூடாது, நேற்று நடந்ததாகவும் இருக்கக்கூடாது.

"ஒரு பத்து வருஷம் இருக்குங்க."

அந்தப் பக்கம் வயலில் ஏதோ எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. எழில்மொழி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பத்து வருஷம்," என்றார் தியாகராசன். குரலில் கோபமே இல்லை. "அவன் ரயில்ல அடிபட்டுச் செத்துட்டான்னு வேம்பு சூடத்தை அணைச்சப்ப நான் அஞ்சாங்கிளாஸ் படிச்சேன் டீச்சர். தட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். ரொம்ப நன்றிங்க, நீங்க சாப்பிடுங்க."

போனை அவர் அணைக்கவில்லை. அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. துணி உரசும் சத்தம் கேட்டது. அவள் சார் சார் என்று கத்தினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த டீச்சர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரிடமோ, நடவு வயலில் வேம்பு இருக்கிறாளா, வீட்டுக்குப் போய்விட்டாளா என்று விசாரிப்பது தெளிவாகக் கேட்டது. வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஒரு பெண்குரல் சொன்னது. அப்புறம் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள்.