மாப்பிள்ளைக்கு ஏற்ற பேட்டரி

1

இந்தக் கதையை நான் ஒரு கேள்வியிலிருந்து திருடினேன்.

சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி வாங்க, மின்னணு உதிரிப் பொருள்கள் விற்கும் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு சின்ன லித்தியம் பேட்டரிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டாள்: "இது தீப்பிடிச்சா, பக்கத்துல இருக்கறவங்க எழுந்து ஓட நேரம் இருக்குமா?"

"முதல்ல உப்பும், புகை வரும். தாராளமா ஓடிடலாம்."

"ஓட முடியாதவங்களா இருந்தா?"

கடைக்காரர் பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தப் பெண் யாரென்று தெரியாது. ஆனால் நான் வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்கு ஒரு தம்பி பிறந்துவிட்டான்.

2

முதல் தொடக்கம்: 'விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு—' வேண்டாம். இந்தக் கதையில் எங்கேயும் மழை இல்லை. பழக்கதோஷம்.

இரண்டாவது தொடக்கம்: 'உலோகங்களிலேயே இலேசானது லித்தியம். அன்று அவள் மனமும்—' எழுதிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

மூன்றாவது: 'தம்பிக்கு அக்கா உடம்பு துடைத்துக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டு அத்தை இரண்டு விருந்தாளிகளோடு உள்ளே வந்தார்.'

இது நிற்கும். இதிலிருந்தே போகலாம்.

3

அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். தம்பி பெயர்ப் பலகை எழுதுபவன். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியதிலிருந்து கட்டிலில் இருக்கிறான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கைகள் பழைய கைகளேதான்.

அக்கா வேலைக்குப் போகும் நேரத்தில் தம்பிக்கு உடற்பயிற்சி கொடுக்க ஒருவர் வருவார். பயிற்சி மையத்திலிருந்து இன்று ஒருவர், நாளை வேறொருவர். அவர்களுக்குக் கதவு திறக்கவென்று கீழ்வீட்டு அத்தையிடம் ஒரு சாவி இருந்தது. அத்தை நல்லவர். குழம்பு கொண்டு வருவார், போர்வையை இழுத்துவிடுவார். ஆனால் கதவைத் தட்ட மாட்டார்.

அன்று கடைக்கு விடுமுறை. அத்தையோடு வந்தவர்களில் ஒருத்தி தம்பியைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். "எப்படி இருந்த பிள்ளை," என்றாள். அவள் அவனை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அக்கா ஈரத்துணியை அவன்மேல் போர்த்திவிட்டு, வந்தவர்களை வெளியே அனுப்புவதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது.

அவர்கள் போனபிறகு தம்பி சொன்னான்: "அந்தச் சாவியை வாங்கிடுக்கா."

"வாங்கிட்டா யாருடா கதவைத் திறப்பா?"

"அது எனக்குத் தெரியாது. என் வீட்டுக்குள்ள யார் வரணும்னு நான்தான் சொல்லணும்."

(பூட்டை மின்சாரத்தில் திறப்பது மாதிரி வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக்காரர் கதவில் ஒரு ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். இதை நான் இந்தக் கதைக்காகக் கஷ்டப்பட்டு யோசித்தேன். தயவுசெய்து நம்புங்கள்.)

4

அக்காவுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. தரையில் ஒட்டிய கறுப்பு நாடாவைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் ஓடும் சின்னச் சின்ன ரோபோக்களைச் செய்வாள். உள்ளங்கை அகலம், இரண்டு சக்கரம், முன்னால் உருளும் ஒரு குண்டு. தம்பி விழுவதற்கு முன்பு அவன்தான் அவற்றைப் பார்த்து அதிகம் கிண்டல் செய்தவன்.

அத்தையிடம் போய்ச் சாவியைக் கேட்டாள். "நான் என்ன வேத்து மனுஷியா?" என்றார் அத்தை. கொடுத்தார். ஆனால் முகம் சுருங்கிவிட்டது.

திட்டம் எளிமையானது. சாவி கட்டிலருகே ரோபோவின் முதுகில் இருக்கும். யாராவது மணி அடித்தால், யாரென்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றால் தம்பி பொத்தானை அழுத்துவான். ரோபோ கறுப்பு நாடாவில் ஓடி, அறையின் நிலைப்படியைத் தாண்டி, கூடத்தைக் கடந்து வாசல் கம்பிக்கதவுக்குக் கீழே போய் நிற்கும். வந்தவர் கம்பிக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்துத் திறந்துகொள்ளலாம். வேண்டாமென்றால் பொத்தானை அழுத்தாமல் இருக்கலாம். தம்பிக்கு இந்த இரண்டாவது பகுதிதான் ரொம்பப் பிடித்திருந்தது.

ரோபோவை ஓட்டுவது எது? இங்கேதான் கதை தொடங்குகிறது. இதுவரை எழுதியதெல்லாம் முன்னுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5

லித்தியம் பொட்டலம் இலேசு, வலுவானது, நிலைப்படியை ஒரே தாவில் தாண்டும். ஆனால் குத்துப்பட்டாலோ சார்ஜ் அளவு மீறினாலோ உப்பி எரியும். நிக்கல் வகை, விரல் பருமனில் ஆறு வேண்டும். கனம், சோம்பேறி. ஆனால் சாதாரணமாகத் தீப்பிடிக்காது. நிக்கலிலும் இரண்டு சாதி: சும்மா கிடந்தாலே சார்ஜ் கரைவது ஒன்று, மாதக்கணக்கில் அப்படியே பிடித்துவைத்திருப்பது ஒன்று. நாள் முழுக்கக் காத்திருந்து எப்போதோ ஒருமுறை ஓடும் ரோபோவுக்கு இரண்டாவதுதான் சரி.

உண்மையைச் சொல்கிறேன், என் பழைய வரைவில் அவளை லித்தியம் வாங்க வைத்தேன். வீட்டையும் கொளுத்தினேன். சாவியைத் திருப்பி வாங்கியாயிற்று, கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே எழ முடியாதவன். வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் படித்துப் பார்த்தபோது, கடையில் நின்று அப்படியொரு கேள்வி கேட்டவள் இதை வாங்கியிருக்கவே மாட்டாள் என்று பட்டது. கதைக்காக அவளை முட்டாளாக்கியிருந்தேன். மூன்று பக்கங்களையும் கிழித்தேன்.

கிழித்த இடத்தில் இந்தப் பேச்சு வந்து உட்கார்ந்தது.

"எந்த பேட்டரிக்கா வாங்கின?"

"நிக்கல்."

"லித்தியம் போட்டா படியைத் தாவும்னு சொன்னியே."

"தாவும். ஆனா சார்ஜ் ஏறும்போது பக்கத்துல ஒரு ஆள் இருந்து பாத்துக்கணும்."

"நான் என்ன செத்தா போயிட்டேன்? நாள் முழுக்க இங்கதானே கிடக்கேன். என்னைவிடப் பாத்துக்க ஆள் வேணுமா?"

"பாத்து என்னடா பண்ணுவ?"

கேட்டுவிட்டாள். வாயிலிருந்து போனதைப் பிடித்து இழுக்க முடியாது. எழுந்துபோய், கழுவிவைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள். திரும்பி வந்தபோது தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"கட்டில்ல படுத்திருக்கறது யாரு? நீயா நானா?" என்றான் திரும்பாமலே.

"நீதான்."

"பக்கத்துல எதை வைக்கப் போறேன்னு என்னைக் கேட்டியா?"

"கேக்கலை."

"கேளு."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வகையையும் விளக்கினாள், கடைக்காரர் பதில் சொல்லாததையும் சேர்த்து.

"நிக்கலே இருக்கட்டும்," என்றான் கடைசியில். "நான் பயந்து சொல்லலை. கதவு பூட்டியிருக்கும், அதுக்காகச் சொல்றேன். ஆனா படியைத் தாண்ட வைக்கறது உன் வேலை. சார்ஜ் போடறது என் வேலை. அதுல நீ கை வைக்கக் கூடாது."

6

தாண்டவில்லை.

நிலைப்படியில் சக்கரம் ஏறும்போது மோட்டார் இருக்கிற மின்சாரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ரோபோவின் மூளைப் பலகைக்கு எதுவும் மிஞ்சாது. ஒரு நொடி மயங்கி, விழித்து, எல்லாவற்றையும் மறந்துவிட்டுச் சுற்றிச் சுற்றிக் கோட்டைத் தேடும். பிறகு வந்த வழியே கட்டிலுக்குத் திரும்பிவிடும்.

"வாசப்படி வரைக்கும் வந்துட்டு முறைச்சுக்கிட்டுத் திரும்பிப் போறாரு பாரு," என்றான் தம்பி. "மாப்பிள்ளைக்கு மரியாதை பத்தலை போல."

அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

அக்கா பேட்டரிகளை மாற்றிப்போட்டாள். உறையில் பெரிய கொள்ளளவு எண் அச்சடித்த மலிவான வகையை வாங்கி ஏமாந்தாள். சக்கரத்துக்கு ரப்பர் ஒட்டினாள். நிலைப்படிக்கு அட்டையில் சரிவு வைத்தாள், மாப்பிள்ளை அட்டையைத் தள்ளிக்கொண்டு போனார். அத்தை மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம், "என்ன, பொம்மை ஓடுதா?" என்று கேட்டார். அந்த நாள்களில் பயிற்சிக்காரர் வரும் நேரத்துக்கு அவளே கடையில் அனுமதி கேட்டு வீட்டுக்கு ஓடிவந்துகொண்டிருந்தாள். முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார். விட்டுவிடலாம் என்று அவள் ஒருமுறைகூட நினைக்கவில்லை. (நினைத்தாள் என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

வழி கடையில் கிடைத்தது. லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் கிளம்பும்போதெல்லாம் பட்டறை விளக்கு மங்கும். ஆனால் கண் பரிசோதிக்கும் அறை விளக்கு மங்காது, அதற்குத் தனி இணைப்பு. தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

சாயங்காலம் செருப்பைக் கழற்றியதும் ரோபோவைக் கவிழ்த்துப் போட்டாள்.

"என்னக்கா பண்ற?"

"மூளையைத் தனிக்குடித்தனம் வைக்கறேன்."

ஆறு பேட்டரியும் மோட்டாருக்கே. மூளைக்கு வேறாக நான்கு. மோட்டாரின் பல்சக்கரத்தையும் மாற்றி, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டினாள். தம்பி தூரிகையை வாங்கி ஒவ்வொரு பேட்டரியின் வயிற்றிலும் எண் எழுதினான், ஒரு கூட்டத்து ஆள் மறு கூட்டத்தில் கலந்துவிடாமல் இருக்க. விழுந்தபிறகு அவன் எழுதிய முதல் எழுத்துகள் அவை.

7

அவள் முதல்முறையாக வீட்டுக்கு ஓடாத நாள். பட்டறை மேசையில் போனை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு வேலை செய்தாள். மறுமுனையில் தம்பியின் போன் கட்டிலில் கிடந்தது.

மணி அடித்தது. "யாரு?" என்றான் தம்பி. பயிற்சி மையத்துப் பெண் என்று குரல் வந்தது. கூடவே அத்தையின் குரலும். மணிச் சத்தம் கேட்டு ஏறி வந்திருந்தார்.

"கம்பிக்குக் கீழ பாருங்க, ஒருத்தர் வருவாரு," என்றான் தம்பி.

மோட்டாரின் முனகல். அது மெல்ல நகர்ந்தது. "இது வந்து சேர்றதுக்குள்ள எனக்குக் கால் வந்துடும்," என்று தம்பி முணுமுணுத்தான். பிறகு முனகல் தடித்தது. நிலைப்படி. அக்கா கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள். சத்தம் இன்னும் தடித்து, அடைத்துக்கொண்டு, நின்றுவிடும்போல இழுத்து, தடக் என்று ஒரு ஒலி. அப்புறம் கூடத்துத் தரையில் சக்கரங்கள் இலேசாக ஓடும் சத்தம்.

சாவி குலுங்கியது. கதவு திறந்தது.

பின்பு அத்தை, வாசலில் நின்றபடியே: "தம்பி, நான் உள்ள வரலாமா?"

அக்கா போனைக் கையில் எடுத்தாள்.

"இப்ப வேணாம் அத்தை," என்றான் தம்பி, சாந்தமாக. "பயிற்சி முடியட்டும். சாயங்காலம் வாங்க."

சாயங்காலம் அவர் வந்தார். கதவைத் தட்டினார். மாப்பிள்ளை போய் அழைத்து வந்தார்.

8

இங்கேயே முடித்திருக்கலாம். நான் முடித்துவிட்டுத் தூங்கப் போனேன். ஆனால் அடுத்த நாள் ஒருவர் வந்து தம்பி வீட்டுக் கம்பிக்கதவுக்கு வெளியே நின்றார். தையல் கடைக்காரர். கடைக்குச் சின்னதாக ஒரு பெயர்ப் பலகை வேண்டுமாம். பலகையும் பெயிண்ட் டப்பாக்களும் அவரே கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறார். படுத்த நிலையில் எழுத முடியுமா என்று அவர் கேட்கவில்லை, எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டார்.

"டப்பாவை யாரும் தூக்கித் தர வேணாம்," என்றான் தம்பி. "மாப்பிள்ளை இழுத்துட்டு வரட்டும்."

மாப்பிள்ளையால் முடியாது. அதற்குப் பெரிய மோட்டார் வேண்டும், பெரிய மோட்டாருக்குப் பெரிய பேட்டரி. பேட்டரிக் கடைக்காரர் இம்முறை இரண்டைக் காட்டினார். ஒன்று, நிக்கலிலேயே கொழுத்த வகை: நம்பலாம், ஆனால் அதன் கனத்தைத் தூக்கவே பாதி சக்தி போய்விடும், ஒவ்வொரு டப்பாவாகத்தான் கொண்டுவர முடியும். இன்னொன்று லித்தியத்திலேயே சாதுவான பாஸ்பேட் வகை: எல்லாவற்றையும் ஒரே நடையில் இழுக்கும். "இது அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்காது," என்றார். "பிடிக்கவே பிடிக்காதுன்னு யாரும் எழுதித் தரமாட்டாங்க."

அக்கா இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வேண்டாததைத் திருப்பித் தரலாம் என்று பேச்சு. இப்போது தம்பியின் இடது உள்ளங்கையில் ஒன்று, வலது உள்ளங்கையில் ஒன்று. எடை பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறாள்.

அவன் எழுந்து நடந்தான் என்று ஒரு முடிவு வைத்திருந்தேன். அது பொய். தீப்பிடித்த முடிவை ஏற்கெனவே கிழித்தாயிற்று. எந்தக் கையை நீட்டுவான் என்று எனக்கு ஒரு யூகம் உண்டு, ஆனால் நான் இதை மேசைமுன் உட்கார்ந்து எழுதுகிறேன், அறைக்கதவு எனக்குப் பின்னால் திறந்திருக்கிறது. என் யூகத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆனால் இதை நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ படித்துக்கொண்டிருந்தால், முதலில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.