வெள்ளச்சி அத்தையின் இடது செருப்பு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்காதீர்கள், கடைசியில்தான் வரும்.

எங்கள் ஊர் வனக்குழுவில் பெண் உறுப்பினர்களுக்குப் பதிலாக அவர்களுடைய செருப்புகள் உட்காரும். பெண்கள் இல்லாமல் கூட்டம் செல்லாது. பெண்களோ அந்த நேரத்தில் காட்டுத்தீ பரவாமலிருக்கச் சருகு கூட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஆளுக்கொரு இடது செருப்பை அனுப்பிவிட்டு, வலது செருப்போடு மலையேறுவார்கள். தலைவர் பொன்னுரங்கம் நாற்காலிகளைப் பார்த்து, "பெண்கள் தரப்பில் ஆட்சேபம் உண்டா?" என்பார். செருப்புகள் பேசாது. தீர்மானம் நிறைவேறும்.

எனக்கு எல்லாக் குரலும் வரும். தலைவரின் கனைப்பு, செயலாளரின் மூக்கடைப்பு, பஸ் கண்டக்டர், சினை ஆடு.

அந்த மாதம் கடுக்காய்ச் சரிவை வெட்டித் தைலமரம் நடுவதாகப் பேச்சு. வெள்ளச்சி அத்தைக்கு அந்தச் சரிவுதான் சோறு.

"நீயே போய்ப் பேசேன் அத்தை."

"நான் போனா தீயை யாருடி பாக்குறது? என் குரல்ல நீ பேசு பவுனு. அவங்க மூஞ்சி போற போக்கைச் சொல்லு, சிரிக்கலாம்."

நாற்காலிக்குப் பின்னால் குந்திக்கொண்டு பேசினேன்: "சரிவுல ஒரு மரத்தைத் தொட்டுப் பாருங்கய்யா, தெரியும் சேதி!"

யாருடைய மூஞ்சியும் எங்கும் போகவில்லை.

"செருப்பம்மா, கையைத் தூக்கிட்டுப் பேசணும்" என்றார் செயலாளர். விஷயம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. செருப்புக்கு டீ வைத்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு, இனி தன் பேச்சு எடுபடும் என்று அத்தையே வந்தாள். செருப்பு முன்வரிசைக்கு மாறியிருந்தது. யாரோ அதற்குப் புது வார் போட்டிருந்தார்கள்.

"உங்க தரப்பு ஏற்கெனவே உக்காந்திருக்கேம்மா," என்றார் தலைவர். "ஒரு ஆளுக்கு ஒரு குரல்தான்."

அத்தை வாசலிலேயே நின்றாள். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"பெண்கள் தரப்பில் ஆட்சேபம் உண்டா?"

"இல்லீங்க," என்றது அத்தையின் குரல். "தாராளமா வெட்டிக்கங்க."

தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஏ புள்ள, விளையாடுற நேரமாடி இது?" என்றாள் அத்தை.

என் வாய் நிறையப் பொரிகடலை. திறந்து காட்டினேன்.

அத்தை என் வாயைப் பார்த்தாள். பிறகு அந்தப் புது வாரைப் பார்த்தாள். வலது செருப்பைக் கழற்றிக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முன்வரிசையில் செருப்பு சிரித்தது. அச்சு அசல் என் சிரிப்பு.