கதவைச் சாத்தினவ

எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு வியாதி உண்டு. பஸ்ல அத்தனை சீட் காலியா இருக்கும்போது, ஏற்கெனவே ஒருத்தர் உக்காந்திருக்கிற சீட்டுப் பக்கத்துல செத்தாலும் உக்கார மாட்டாங்க. கேட்டா மரியாதையாம். ஸ்வீடன் பூராவும் இப்படித்தான், ஆனா இந்தக் கிழக்குக் கடற்கரை ஊர்ல அது முத்திப் போய்க் கிடக்கு. நானும் இங்கேயே பொறந்தவதான். என்னை மட்டும் ஏனோ அது தொத்தல. அதனால ஊர்ல எனக்கு வாயாடி ஹில்டூர்னு பேரு. இருந்துட்டுப் போகட்டும்.

சதுக்கத்துல நிக்கிற பெரிய சர்ச்சுல, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் காப்பி ஊத்துறது என் வேலை. ராஜா காலத்துல பரோக் பாணியில ஆடம்பரமா கட்டின கட்டடம். கோடையில வெளியூர்க்காரங்க வந்து, பிரசங்க மேடையில இருக்கிற தங்க தேவதூதருங்களை அண்ணாந்து பார்த்து வாயைப் பொளப்பாங்க. குளிர்காலத்துல வந்து உக்காந்து பாருங்க, தெரியும் சேதி. கல்லுச் சுவரு, எட்டாத கூரை, கால் மரத்துப் போயிடும். அந்தக் குளிர் காத்துக்குப் பயந்துதான் ஒவ்வொரு பெஞ்சு வரிசைக்கும் இடுப்பு உசரத்துல மரக்கதவு இருக்கு. உள்ள போய் உக்காந்ததும் சாத்திக்கணும். யாராவது மறந்துட்டா, அந்தப் பக்கமா போறவங்க சத்தமில்லாம சாத்திவிடுவாங்க. அது இங்க ஒரு உபகாரம்.

என் சிநேகிதி சிக்னே, புருஷன் போனதுக்கப்புறம் ஒரு ஞாயிறு விடாம வருவா. இடது பக்கம் நாலாவது வரிசை அவளோடது. நடைபாதைக்கு அந்தப் பக்கம் அதே வரிசையில ஆல்கோட். கப்பலுக்கெல்லாம் துறைமுகத்துக்கு வழி காட்டுற படகை ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷன். அவருக்கும் வீட்ல ஆள் இல்ல. நல்ல கனத்த குரல். அவர் பாட ஆரம்பிச்சா சிக்னே தன் பாட்டை நிறுத்திடுவா, கேக்கணுமாம்.

வருஷக்கணக்கா இந்தக் கூத்து. இவ புதுசா ஸ்கார்ஃப் வாங்குவா, அவர் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்குவார். காப்பிக்கு வந்தா மழையைப் பத்திப் பேசுவாங்க, மழை இல்லாட்டி மழை இல்லாததைப் பத்திப் பேசுவாங்க. போய்ப் பக்கத்துல உக்காருடின்னு நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். சர்ச்சே காலியா கிடக்கும்போது போய் ஒட்டிக்கிட்டா அவர் என்ன நினைப்பார்னு கேப்பா. ஒரு நாள் மட்டும், கப் கழுவிக்கிட்டே சொன்னா.

"வேற ஒண்ணும் வேணாம் ஹில்டூர். ஒரே ஒரு தடவை, என் பக்கத்துல உக்காந்து அவர் பாடணும். அது போதும்டி எனக்கு."

நான் அவ கையிலிருந்த கப்பை வாங்கித் துடைச்சு வச்சேன்.

அப்புறம் இலையுதிர்காலத்துல இடி வந்து இறங்குச்சு. ஆல்கோட்டோட மக அவரை யோத்தபோரிக்குத் தன்னோட வந்து இருக்கச் சொல்லிட்டா. மேற்குக் கடற்கரை நகரம், நாட்டோட அந்தக் கோடி. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்துட்டு மத்தியான ரயில்ல கிளம்புறதா ஏற்பாடு.

அந்த ஞாயிறு சிக்னே கண்ணாடி முன்னாடியே நின்னு லேட் பண்ணிட்டா. நான் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். ஆல்கோட் வந்தார். தன் வரிசைக்குப் போகல. ரொம்ப நேரம் நடைபாதையில நின்னார், அப்புறம் சிக்னேயோட வரிசையில நுழைஞ்சு, உள்ளே தள்ளி உக்காந்து, பக்கத்துல இடம் விட்டு, கதவைத் திறந்தபடியே வச்சிருந்தார். கடவுளே, இந்த மனுஷனுக்கு எங்கிருந்து இவ்வளவு தைரியம் வந்துச்சுன்னு நினைச்சேன்.

சிக்னே அரக்கப்பரக்க வந்தா. தன் வரிசைகிட்ட நின்னா. அவரைப் பார்த்தா. வணக்கம் சொல்ற மாதிரி தலையை லேசா அசைச்சா. அவருக்குக் குளிருமேன்னு அந்தக் கதவை மெதுவா, சத்தம் வராம சாத்திவிட்டுட்டு, பின்னாடி ரெண்டு வரிசை தள்ளிப் போய் உக்காந்துட்டா.

ஆராதனை முழுக்க நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு ஆல்கோட் பாடவே இல்ல.

காப்பி குடிக்க வந்தப்போ அவர் முகத்துல ரத்தமே இல்ல.

"மன்னிக்கணும். உங்க இடத்துல உக்காந்துட்டேன்."

"அதனால என்ன, இடம்தான் நிறைய இருந்துச்சே," அப்படின்னா இந்த மகராசி.

ஏலக்காய் பன் தட்டை அவ தலையிலேயே கவுத்துடலாமான்னு இருந்துச்சு. அவர் கப்பை வச்சுட்டு, சர்ச் பத்திரிகை அனுப்பச் சொல்லி என்கிட்ட மக வீட்டு விலாசமும் நம்பரும் கொடுத்துட்டுப் போயிட்டார். அப்புறம்தான் அவளைச் சமையக்கட்டுக்கு இழுத்துட்டுப் போய், அவர் எதுக்கு அங்க உக்காந்தார்னு புட்டுப் புட்டு வச்சேன். சிக்னே நின்ன இடத்துலயே உக்காந்து அழுதா. அவ்வளவு வயசானவ அப்படித் தேம்பி நான் பார்த்ததே இல்ல.

நம்பர் இருக்கே, கூப்பிடுன்னேன். இன்னைக்கு ஞாயிறு, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னா. மறுநாள், பிரயாணக் களைப்பா இருக்கும்னா. அப்புறம் பேரப்பிள்ளைங்க இருப்பாங்க, சாப்பாட்டு நேரமா இருக்கும், தூங்குற நேரமா இருக்கும். முதல் பனி விழுந்து தெருவெல்லாம் வெள்ளையாயிடுச்சு. இவ ஆளே இளைச்சுப் போனா. பாட்டு வேளையில அந்தக் காலி வரிசையைப் பார்க்காம இருக்க, புஸ்தகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா.

என் பொறுமை போச்சு. ஒரு சாயங்காலம் அவ வீட்டுக்குப் போய், நானே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, போனை அவ கையில திணிச்சேன். மணி அடிச்சுது. எடுத்ததும் பேரைச் சொல்ற இங்கத்து வழக்கப்படி அந்தக் கனத்த குரல் "ஆல்கோட்"னு சொல்லுச்சு.

சிக்னே அவசர அவசரமா சொன்னா.

"மன்னிக்கணும், தப்பான நம்பர்."

நான் தலையில கைவச்சுட்டேன். ஆனா அவ குரல் அவருக்குத் தெரியாதா என்ன. அப்புறம் அவர் மெதுவா சொன்னார்.

"தப்பான நம்பராவே இருக்கட்டும். வைக்காதீங்க."

அவ வைக்கல. கண்ணுல தண்ணி வழிய, போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னா. அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமிக்கிட்டு, ரொம்பத் தாழ்ந்த குரல்ல பாட ஆரம்பிச்சார்.