பசை விடவில்லை

"பை மட்டும் வெக்காதீங்க டாக்டரம்மா" என்று அவர் கேட்டார். மலக்குடலில் புற்றுநோய்க் கட்டியோடு வருகிற எல்லோரும் கேட்பதுதான். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. "மூணு மாசம் மலம் போக வயித்துல ஒரு பை தொங்கினா குடியா முழுகிடும்?" என்றேன்.

சலூன் வைத்திருப்பவர். கோபித்துக்கொள்ளாமல் எழுந்து, நாற்காலியில் இருந்த மனைவிக்குப் பின்னால் போய் நின்று, முடி வெட்டுவதுபோல் விரல்களை ஆட்டிக் காட்டினார். அவர் வயிறு அந்த அம்மாளின் காதை ஒட்டி இருந்தது.

"பை இங்கதான் இருக்கும். அது ஒரு சத்தம் போட்டுச்சுன்னா, வந்தவன் பாதித் தலையோட எழுந்து ஓடிருவான்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "பாக்கலாம்" என்றேன்.

கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தேன். அவ்வளவு அடியில் போடும் தையல் பிரிந்தால் மலம் வயிற்றுக்குள் கசியும். அதனால்தான் மேலேயே குடலைத் திறந்து பைக்குத் திருப்பிவிடுவோம். தையல் ஆறும்வரை கீழே எதுவும் போகாது. மேலிருந்து இறக்கிய குடலின் விளிம்பு ஒரு பக்கம் லேசாக மங்கியிருந்தது. ரத்தம் ஒழுங்காக ஓடுகிற குடலுக்கு அந்த நிறம் வராது.

மயக்க மருந்து கொடுக்கிறவன் என்னோடு படித்தவன். திரைக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"பையை வெச்சுடு. சுவர் இருந்தாத்தான் சித்திரம்."

"நீ உன் ஊசியைப் பாரு. நான் பசை போடறேன்."

இரண்டு சிரிஞ்சுகளில் வரும் பசைத் திரவம் ஒரே முனையில் கலந்து, பட்ட இடத்தில் பாலாடை மாதிரி உறையும். தையலைச் சுற்றிலும் பூசினேன். அந்த மங்கல் விளிம்பும் அதற்குள் மறைந்தது. பிறகு தண்ணீர் ஊற்றிக் கீழிருந்து காற்றைச் செலுத்திப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. "பாத்தியா?" என்று அவனைக் கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் காய்ச்சல். நாடி நூற்று முப்பது. வயிற்றிலிருந்து வெளியே விட்டிருந்த குழாயில் மலம் வந்தது. அன்றே மறுபடி திறந்தேன்.

பசை விடவில்லை. விரலால் உரித்தாலும் வர மறுத்தது. அதற்கு அடியில் குடல்தான் கறுத்து, செத்து, கிழிந்திருந்தது. பசைமேல் என்ன குற்றம்? ஒட்டச் சொன்னேன், ஒட்டியது. செத்த சதைக்கு அது எங்கே போய் ரத்தம் கொண்டுவரும்? வயிற்றைக் கழுவிவிட்டுப் பையை வைத்தேன்.

அதற்கு இரண்டாம் நாள் மத்தியானம் அவர் இறந்துபோனார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எங்களால ஆனதை எல்லாம்..." என்று தொடங்கினேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மொதல்லயே பை வெச்சிருந்தா பொழைச்சிருப்பாரா?"

நாக்கு நுனிவரை ஒரு பொய் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"பொழைச்சிருக்கலாம்."

"அப்ப ஏன் வெக்கல?"

"வேண்டாம்னு அவரே கேட்டாரும்மா."

அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அவரு பயத்துல கேட்டாரு. நீங்க ஏன் கேட்டீங்க?"

திட்டியிருந்தால் தேவலை. என்னைச் சிரிக்கவைத்த அந்த மனிதருக்கு நல்லவளாக இருக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.